தீர்ப்பில் காணாமல் போனவர்

கடவுள் அன்பாகவே இருப்பதால் அவர் யாரையும் தீர்ப்பிட மாட்டார், நியாயத்தீர்ப்பு என்பது சபைகள் மக்களைப் பயத்தில் வைத்திருந்த காலத்தின் மிச்சம். படித்த கிறிஸ்தவர்களிடையே இன்று இந்தக் கருத்துக்குச் செல்வாக்கு அதிகம். 2011இல் அமெரிக்கப் போதகர் ராப் பெல்லின் ‘லவ் வின்ஸ்’ நூல் அமெரிக்கச் சபைகளில் பெரும் சண்டையைக் கிளப்பியது. ஒரு தரப்பு நித்திய நரகத்தை விட்டுக்கொடுக்க மறுத்தது. மறுதரப்பு அதைக் கைவிடச் சொன்னது. தீர்ப்பு என்றால் தண்டனைதான் என்பதில் மட்டும் பெரும்பாலோர் ஒத்துப்போனார்கள். என் மறுப்பு அந்த ஒற்றுமையின் மேல்தான்.

98ஆம் சங்கீதத்தில் கர்த்தர் பூமியை நியாயந்தீர்க்க வருகிறார் என்பதற்காக ஆறுகள் கைகொட்டுகின்றன, மலைகள் களிக்கின்றன. ஒரு ஜோடி செருப்புக்காக ஏழையை விற்றவர்கள்மேல் ஆமோஸ் சீறுவது விற்கப்பட்டவனின் பக்கம் நின்றுதான். வழக்கு எப்போது எடுபடும் என்று காத்திருந்த எளியவர்களுக்குத் தீர்ப்பு நற்செய்தியாக இருந்தது. மூன்றாம் நூற்றாண்டில் ஓரிகனும் நான்காம் நூற்றாண்டில் நிஸ்ஸாவின் கிரகோரியும் மறுமையின் நெருப்பைப் புடமிடும் நெருப்பாகக் கண்டார்கள். ஆறாம் நூற்றாண்டில் ஓரிகனின் பெயர் கண்டனத்துக்குள்ளானது. ஏறக்குறைய அதே நம்பிக்கையை எழுதிய கிரகோரி புனிதராகவே நீடித்தார். மேற்கத்திய சபை இருவர் சொன்னதையும் பின்பற்றவில்லை. அகஸ்தீன் ‘கடவுளின் நகரம்’ 21ஆம் புத்தகத்தில் கடவுளின் இரக்கத்தைச் சொல்லி நித்திய தண்டனையை ஏற்க மறுத்தவர்களை ஒவ்வொருவராக மறுத்து, நித்திய தண்டனையை அசைக்க முடியாத போதனையாக்கினார். ஆன்செல்ம் பாவத்தைக் கடவுளின் மாண்புக்குச் செலுத்தாத கடனாக விளக்கினார். 1741 ஜூலை 8 அன்று கனெக்டிகட்டின் என்ஃபீல்டில் ஜோனதன் எட்வர்ட்ஸ் செய்த பிரசங்கம் இந்த வழியின் உச்சம். அதன் மொழியாற்றல் அபாரமானது; அதன் வறுமையும் அப்படியே. கோபமுற்ற கடவுள் அதில் இருக்கிறார், நெருப்பின்மேல் தொங்கும் பாவி இருக்கிறான். அந்தப் பாவியின் கையால் அடிபட்டவர் எங்கே? அவருக்கு அங்கே இடமே இல்லை.

அவரை மீண்டும் அழைத்துவந்தது இருபதாம் நூற்றாண்டின் போர். 1943 ஜூலையில் ஹாம்பர்க் எரிந்தபோது, பின்னாளில் ஜெர்மன் இறையியலாளரான யூர்கன் மோல்ட்மன் விமான எதிர்ப்புப் பீரங்கிப் பிரிவில் பதினேழு வயதுப் பையன். பக்கத்தில் நின்ற நண்பன் குண்டில் சிதறிப்போனான். பின்னர் ஸ்காட்லாந்தில் போர்க்கைதியாக இருந்தபோது, முகாமின் சுவரில் பெல்சன், புஹன்வால்ட் நாஜி வதைமுகாம்களின் படங்களைப் பார்த்தார். குண்டுக்குத் தப்பிய அவரே கொலைகார தேசத்தின் பிள்ளையாகவும் இருந்தார். 1995இல் வெளிவந்த ‘கடவுளின் வருகை’யில் அவர் வந்து சேரும் இடத்தை இந்தப் பின்னணியில்லாமல் படிக்க முடியாது. தீர்ப்பின் நோக்கம் கணக்குத் தீர்ப்பதல்ல, கெட்டுப்போனதைச் செம்மையாக்குவது என்கிறார். ஒடுக்கப்பட்டவர் தம் நியாயத்தைப் பெற வேண்டும், ஒடுக்கியவரும் அந்த நியாயத்தால் மாற்றப்பட வேண்டும். இறுதிச் சொல் அழிவுக்கு உரியதல்ல.

அழகான முடிவு. அதன் விலையைக் கேட்டவர் அவருடைய மாணவர், குரோவேசியரான மிரஸ்லாவ் வோல்ஃப். பகைவரைத் தழுவுதல் பற்றி 1993இல் வோல்ஃப் பேசி முடித்ததும், ஒரு செட்னிக்கைத் தழுவ உன்னால் முடியுமா என்று மோல்ட்மன் கேட்டார். வோல்ஃபின் ஊர்களை அழித்துக்கொண்டிருந்த செர்பியப் போராளிகள் அவர்கள். முடியாது, ஆனால் கிறிஸ்துவைப் பின்பற்றுகிறவனாக முடிய வேண்டும் என்று வோல்ஃப் பதில் சொன்னார். 1996இல் வந்த அவருடைய ‘எக்ஸ்க்ளூஷன் அண்ட் எம்பிரேஸ்’ அந்தப் பதிலின் விரிவு. தீர்ப்பிடாத கடவுள் என்பது பாதுகாப்பான புறநகர் வீட்டில் பிறக்கும் எண்ணம். வீடு எரிந்தவனிடம் பழிவாங்காதே என்று சொல்ல வேண்டுமானால், நியாயம் கேட்க ஒருவர் இருக்கிறார் என்றும் சொல்லியாக வேண்டும் என்று அதில் வாதிடுகிறார். நம் காலத்தில் இந்தப் பொருளைப் பற்றி எழுதப்பட்டவற்றில் மிக நேர்மையான பக்கங்கள் இவை. 2007இல் போப் பதினாறாம் பெனடிக்ட் தம் ‘ஸ்பே சால்வி’ சுற்றுமடலில், கொடியவனும் பலியானவனும் எதுவுமே நடக்காததுபோல ஒரே விருந்தில் அமர முடியாது என்று எழுதியதும் இதே திசையில்தான்.

மோல்ட்மனின் நம்பிக்கையும் வோல்ஃபின் கண்டிப்பும் ஒன்றாக வேண்டும் என்பதே என் வாதம். செம்மையாக்கும் தீர்ப்பு என்று சொல்லிக்கொண்டு, அடிபட்டவரை அவசர அவசரமாக மன்னிக்க வைக்கும் ஆபத்து எப்போதும் உண்டு. பேராயர் டெஸ்மண்ட் டூட்டு தலைமையில் தென்னாப்பிரிக்க உண்மை ஆணையம், நிறவெறி ஆட்சிக் காலத்தில் அரசியல் காரணத்துக்காகச் செய்த குற்றத்தை முழுதும் வெளிப்படுத்தியவர்களுக்குப் பொதுமன்னிப்புக்கு வழிசெய்தது. உண்மையைப் பகிரங்கமாகப் பேசவைத்தது பெரிய காரியம். ஆனால் போலீஸ் காவலில் கொல்லப்பட்ட நிறவெறி எதிர்ப்புப் போராளி ஸ்டீவ் பைக்கோவின் குடும்பம் 1996இல் அந்த ஏற்பாட்டை எதிர்த்து அரசியல் சாசன நீதிமன்றத்துக்குப் போனது, தோற்றது. குற்றவாளியின் மீட்சியைப் பேசும் இறையியலாளர்கள் முதலில் பதில் சொல்ல வேண்டியது அந்தக் குடும்பத்துக்கு. தீர்ப்பையே கைவிட்டவர்களிடம் அவர்களுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.