இனக் கட்டத்தில் ஒரு சொல்

பல்கலைக்கழக விண்ணப்பத் தாளில் மாணவர் நிரப்பும் கட்டங்களுள் இனத்தைக் கேட்பது மிகச் சிறியது. 'இந்தியர்' என்னும் ஒரு சொல்லோடு அது முடிந்துவிடுகிறது. அச்சொல்லால் நாம் அறிந்துகொள்வது யாது?

மலாய் மொழியில் இப்பொருள் பற்றி மூன்று சொற்கள் வழங்குகின்றன. 'பங்சா' நாட்டினத்தையும் குறிக்கும். 'காவும்' சமூகத்தைச் சுட்டும். 'கெத்துருனான்' என்பது மரபுவழி. தமிழில் நாமோ மூன்றையும் 'இனம்' என்றே பெயர்த்துவிடுகிறோம். கேள்வி மூவகைப்பட, விடை மட்டும் ஒன்றாவது எங்ஙனம்?

எண்ணுவோர் இட்ட தலைப்பும் நிலைத்ததன்று. 1891-இல் நீரிணைக் குடியேற்றங்களின் குடிமதிப்பில் அது 'தமிழரும் பிற இந்திய நாட்டினரும்' என்றிருந்தது. பின்னர் 'இந்தியர்' என்பதே தலைப்பாயிற்று. தமிழர் அதன் உட்பிரிவாயினர்.

இரயில்வேப் பணிக்கு வந்து பிரிக்பீல்ட்ஸில் குடியமர்ந்த யாழ்ப்பாணத்தார் வழிவந்த மாணவியையும், கிள்ளான் வட்டாரத்து இரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவரின் பேரனையும் எண்ணிப் பார்க்க. முன்னவர் குடும்பத்திற்கு ஆங்கிலக் கல்வியும் அலுவலகப் பணியும் மூன்று தலைமுறைக்கு முன்பே வாய்த்தன. பின்னவர் குடும்பமோ, தோட்டம் வீடமைப்பு நிலமானபோது குடியிருந்த லயத்தையும் இழந்தது. இருவரும் ஒரே கட்டத்தில் அடங்குகின்றனர். சீக்கியரும் தெலுங்கரும், வீட்டில் மலாய் பேசும் மலாக்காச் செட்டிகளும் அவ்வாறே. 2020 குடிமதிப்பின்படி குடிமக்களுள் இந்தியர் 6.7 விழுக்காடு. அதனோடு மாணவர் விழுக்காட்டை ஒப்பிட்டு, 'இந்திய மாணவர் பெருகினர்' என்று மகிழ்கிறோம். பெருகியவர் எவர் என்று கேட்பதில்லை.

உட்பிரிவு கேட்டால் சமூகத்தின் தொகை சிதறும் என அஞ்சுவோர் உளர். இவ்வச்சம் பொருந்தாது. பகுதிகளைக் கூட்டித் தொகை காணலாம். தொகையிலிருந்து பகுதிகளை மீட்க இயலாது.

மாணவர் அச்சமோ வேறு, அது நியாயமானது. 1969 கலவரத்தின்பின் தேசிய நடவடிக்கை மன்றம் அமைத்த மஜீத் குழு, மாணவர் சேர்க்கை நாட்டின் இன அமைப்பைக் காட்டவேண்டும் என 1971-இல் பரிந்துரைத்தது. அன்றுமுதல் அக்கட்டம் கணக்காக மட்டுமன்றி வாயிற்கதவாகவும் ஆயிற்று. 2002-இல் தகுதிமுறை அறிவிக்கப்பட்ட பின்னும் ஐயம் அகலவில்லை. கதவருகே நிற்பவனிடம் கேட்டால் விடையில் தயக்கம் கலவாதிருக்குமா?

ஆதலின், இடம் கிடைத்தபின், தனித்தாளில், மாணவரே தம் கையால் மரபையும் வீட்டுமொழியையும் பயின்ற தொடக்கப்பள்ளியையும் எழுதுதல் வேண்டும். பிரிட்டனில் உள்ளதுபோல், கூற விரும்பாதார்க்கும் ஒரு கட்டம் இருக்கட்டும். தம் தமிழ்ப்பள்ளியில் அரிச்சுவடி பயின்றோருள் எத்தனைபேர் பட்டப்படிப்பை எட்டினர் என்று ஓர் ஆசிரியர் கேட்டால், இன்றுள்ள இனக் கட்டத்தில் அதற்கு விடையில்லை.