'மஸ்ட்' என்னும் சொல்லும் ஆய்வின் நிச்சயமும்

ஆங்கில விரிவுரைகளின் துணைகொண்டு அருளுரை ஆயத்தம் செய்வோர் 'மே', 'மைட்', 'மஸ்ட்' ஆகிய சிறு துணைவினைகளைப் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. ஆயினும், ஓர் ஆய்வாளர் தமது கூற்றை எத்துணை உறுதியுடன் முன்வைக்கிறார் என்பதை இச்சொற்களே காட்டுகின்றன.

'மே', 'மைட்' என்பன 'இருக்கலாம்' என்னும் வாய்ப்பை மட்டும் குறிப்பன. 'மஸ்ட்' இவற்றினும் வலியது. எனினும் அதுவும் அனுமானமே. நண்பரை வீட்டில் நேரே கண்டவன் 'அவர் இருக்கிறார்' என்பான். சாளரத்தில் விளக்கொளியை மட்டும் கண்டவனே 'இருக்க வேண்டும்' என்பான். நம் 'வேண்டும்' போலவே 'மஸ்ட்' கட்டளைக்கும் வழங்குவதால், அதன் தொனி நம்மை மயக்கிவிடுகிறது.

ஜான் ஏ. டி. ராபின்சன் 1976இல் வெளியிட்ட 'ரீடேட்டிங் த நியூ டெஸ்டமென்ட்' இதற்குத் தக்க சான்று. புதிய ஏற்பாட்டு நூல்கள் யாவும் கி.பி. 70இல் எருசலேம் அழியுமுன் எழுதப்பட்டவை என்பது அதன் வாதம். எபிரெயர் 10:2 பலிகள் நின்றுபோயிருக்கும் அல்லவா என வினவுகிறது. ஆலயம் அழிந்தபின் இவ்வாறு வினவியிருக்க இயலாது என்கிறார் ராபின்சன். இவ்வாதம் வலியதே. பிற்காலக் கணிப்புகள் பலவும் நிறுவப்படாத ஊகங்களின்மேல் நிற்பதை அவர் எடுத்துக்காட்டியதும் பாராட்டத்தக்கது.

ஆயினும், 'எழுதியிருப்பார்' என்பது ஆசிரியரின் உள்ளத்தைப்பற்றிய நம் கணிப்பன்றோ? அந்நிருபம் ஆலயத்தைப்பற்றியன்று, வனாந்தரக் கூடாரத்தைப்பற்றியே பேசுகிறது. ஆலயம் அழிந்து இருபது ஆண்டுகளுக்குப்பின் எழுதிய யோசேப்பும் பலிமுறைகளை நிகழ்காலத்தில் விவரிக்கிறார். ஆதலின் ராபின்சனின் முடிவை 'பெரிதும் ஏற்புடையது' எனலாம், 'நிறுவப்பட்டது' எனலாகாது.

அனுமானங்களை அடுக்கும்போது இடர் மிகுகிறது. ஒன்றையொன்று சாராத மூன்று ஊகங்கள் ஒவ்வொன்றும் நூற்றுக்கு 80 பங்கு உறுதியுடையனவாயினும், மூன்றும் ஒருங்கே மெய்யாதற்குரிய வாய்ப்பு ஏறத்தாழ 51 பங்கே. மாணவர் கட்டுரைகளிலோ முதற்பக்கத்து 'இருக்கலாம்' மூன்றாம் பக்கத்தில் 'ஆகும்' என முடிகிறது.

சபையார் கையில் விரிவுரை நூல் இல்லை; போதகரின் சொல்லையே நம்புகின்றனர். நூலாசிரியர் 'இருக்கலாம்' என்று எழுதியதை நாம் 'இருந்தது' என்று அறிவித்தால், அவர் கூறாத சாட்சியை அவர்மேல் ஏற்றுகிறோம். பிரசங்கபீடத்தில் 'இருக்கலாம்' என்று கூறுவதால் சுவிசேஷத்தின் வல்லமை குன்றாது. கேட்போர் நம்மீது வைத்த நம்பிக்கையும் காக்கப்படும்.