படச்சுருளில் ஏறிய கணினி வண்ணம்: ஒரு மதிப்பீடு

கணினியில் உள்ள வண்ணப் படத்தை ஒளிப்படச் சுருளில் பதியும் கருவி ஃபிலிம் ரெக்கார்டர் எனப்படுகிறது. திரையில் இருப்பதை அப்படியே சுருளுக்கு மாற்றும் ஓர் அச்சுப்பொறியாகவே பலரும் இதைக் கருதுகின்றனர். இக்கருத்து ஏற்கத்தக்கதன்று. ஒவ்வொரு பதிவிலும் ஒரு நிறத்தீர்ப்பு அடங்கியுள்ளது.

செயல்முறை

தொடக்கக் காலக் கருவிகளில் கறுப்பு வெள்ளைக் கதிர்க்குழாயின் முன் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் மாறிமாறி வரும். ஒவ்வொரு சட்டகமும் மும்முறை ஒளியூட்டப்படும். 1982இல் வெளியான 'டிரான்' படத்தின் கணினிக் காட்சிகள் கதிர்க்குழாய் வழியாகவே சுருளேறின. 1985இல் வந்த 'யங் ஷெர்லாக் ஹோம்ஸ்' படத்தின் கண்ணாடி வீரன் உருவம் லேசர் கொண்டு பதியப்பட்டது. பின்னர் மூவண்ண லேசர்களைப் பயன்படுத்தும் ஆரிலேசர் போன்ற கருவிகள் பரவின.

நிறச் சிக்கல்

திரை ஒளியைக் கூட்டி நிறம் தருகிறது. சுருளோ சயான், மெஜந்தா, மஞ்சள் சாயங்களால் வெள்ளொளியைக் கழித்து நிறம் தருகிறது. ஆகவே திரையின் பளிச்சிடும் முதன்மை நிறங்கள் சில சுருளுக்கு எட்டா. சுருளின் ஆழ்ந்த சயான் நிறங்கள் சில திரைக்கு எட்டா. இவ்விரண்டையும் இணைப்பது நிறமாற்று அட்டவணை. எட்டாத நிறத்துக்கு ஈடாக எதை வைப்பது என்பதை அதை அமைப்பவரே முடிவு செய்கிறார். ஆய்வகத்தின் வேதிக்கரைசல் மாறினாலும் நிறம் மாறும் என்பதால் சுருளின் அடர்த்தியை அளந்து கருவியை அடிக்கடி சீர்செய்ய வேண்டியுள்ளது.

ஓர் எடுத்துக்காட்டு

கோயன் சகோதரர்களின் 'ஓ பிரதர், வேர் ஆர்ட் தௌ?' (2000) மிசிசிப்பியில் பசுமை மிகுந்த கோடையில் எடுக்கப்பட்டது. கதைக்கோ 1930களின் வறண்ட புழுதி நிறம் தேவை. வேதிமுறைகள் பயன்தராததால், ஒளிப்பதிவாளர் ரோஜர் டீக்கின்ஸ் படம் முழுவதையும் கணினியில் நிறம் திருத்திச் சுருளுக்குத் திருப்பினார். இலைகள் வைக்கோல் நிறமாயின; முகங்களின் இயல்பு கெடவில்லை. கலை நோக்கில் இது பெரும் வெற்றி. ஆனால் அந்தப் பணி ஏறத்தாழ 2,000 படப்புள்ளி அகலத்தில் நடந்தது. மூலச் சுருளில் அதைவிட நுட்பமான விவரம் உண்டு. அதில் இருப்பதோ திருத்தப்படாத பச்சை. நிறம் ஓரிடத்திலும் நுட்பம் வேறிடத்திலுமாகப் படைப்பு பிரிந்து நிற்கிறது.

பாதுகாப்பு

திரையரங்குகள் எண்ணிம ஒளிபரப்பிகளுக்கு மாறியபின் இக்கருவியின் முதன்மைப் பயன் ஆவணக் காப்பாகும். ஆஸ்கர் விருதுகளை வழங்கும் அகாதெமி 2007இல் வெளியிட்ட ஆய்வறிக்கை, ஒரு படத்தின் எண்ணிம மூலத்தைக் காக்க ஆண்டுக்கு 12,514 டாலரும், சுருள் மூலத்தைக் காக்க 1,059 டாலரும் ஆகும் எனக் கணக்கிட்டது. வண்ணச் சாயம் மங்கும், வெள்ளி நிலைக்கும். ஆதலால் மூன்று நிறக்கூறுகளையும் தனித்தனிக் கறுப்பு வெள்ளைச் சுருள்களில் பதிவது நன்று. எனினும் அவை வெவ்வேறு அளவில் சுருங்கினால், மீண்டும் ஒன்றுசேர்க்கும்போது நிறங்களின் ஓரங்கள் பிசகும்.

முடிவுரை

படச்சுருள் பதிவு நீடிக்கும் பிரதியைத் தருகிறது. நடுநிலையான பிரதியைத் தருவதில்லை. எந்த அட்டவணையில், எவ்வளவு நுட்பத்தில் பதியப்பட்டது என்னும் குறிப்பையும் சுருளோடு சேர்த்துக் காக்க வேண்டும். அக்குறிப்பு இல்லையேல், பிற்காலத்தவர் காண்பது படைப்பாளி எண்ணிய நிறமா, கருவி தந்த நிறமா எனப் பிரித்தறிய வழியிராது.