உருகாத வெண்ணெய்

சிங்கப்பூரின் காத்தோங் வட்டாரத்துக்குச் சாப்பிடப் போகிறவர்கள் பெரும்பாலும் லக்சாவைத் தேடித்தான் போவார்கள். என் ஓட்டு ஈஸ்ட் கோஸ்ட் ரோட்டில் ஹோலி ஃபேமிலி தேவாலயத்துக்கு எதிரே இருக்கும் சின் மீ சின் பேக்கரிக்கு. 1925-இல் தொடங்கிய கடை. 2018 கடைசியில் மூடிவிட்டார்கள். 2021-இல் கை மாறி மறுபடியும் திறந்தது. மொசைக் தரை, பளிங்கு மேசை, மர நாற்காலி எல்லாம் பழைய களையோடே இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வருகிறவர்களுக்கு வழிவிட்டு வரிசையில் நிற்கத்தான் வேண்டும்.

இங்கே காயா டோஸ்ட் என்றால் ரொட்டித் துண்டு அல்ல, வட்டமான பன். அதைப் பிளந்து, உட்பக்கம் பொன்னிறமாக வாட்டி, காயாவைத் தாராளமாகத் தடவுகிறார்கள். வெண்ணெயைத் தடவுவதில்லை; வைக்கிறார்கள். கனமான வில்லையாக, சில்லென்று, அப்படியே உள்ளே. சூடான பன்னும் குளிர்ந்த வெண்ணெயும் ஒன்றையொன்று ஜெயிப்பதற்குள் கடித்துவிட வேண்டும். முதலில் மொறுமொறுப்பு. அடுத்து நாக்கில் குளிர்ச்சி. காயாவின் தித்திப்பு அதன் பிறகுதான் மெல்லப் பரவும். வெண்ணெயிலுள்ள கடுகளவு உப்பு அந்தத் தித்திப்பைத் திகட்டாமல் பார்த்துக்கொள்ளும். வெண்ணெய் முழுக்க உருகிவிட்டால் இவ்வளவும் ஒரே ருசியாகக் கலந்துபோகும். இந்தப் பன்னின் நயமே அந்த உருகாமையில்தான் இருக்கிறது.

காயாவில் இருப்பது முட்டை, தேங்காய்ப்பால், சர்க்கரை, பாண்டான் இலை. கீழக்கரைக்காரர் யாராவது முதன்முதலாக ருசித்தால், “அட, நம்ம வட்டலப்பம் இளகிப்போய் ரொட்டியில் ஏறிவிட்டதே!” என்பார். பாண்டானை முகர்ந்தால் யாழ்ப்பாணத்துக்காரருக்கு வீட்டுக் கறியில் போடும் ரம்பை நினைவுக்கு வரும். கிண்டுவதில்தான் சூட்சுமம். அனலைக் கூட்டிவிட்டால் முட்டை திரிந்து பொடிமாஸ் ஆகிவிடும். சிறு தீயில், கை ஓயாமல், நெடுநேரம் கிண்ட வேண்டும். பாண்டான் தூக்கலாக இருந்தால் பச்சை நிறம், அது மலாய் மண்ணில் வேர்விட்ட சீனரான பெரனாக்கன் வீட்டுப் பக்குவம். சர்க்கரையைக் கருக்கிச் சேர்த்தால் பழுப்பு நிறம், அது ஹைனான் கைப்பக்குவம். எனக்குப் பழுப்புதான் பிடிக்கும். கருகிய சர்க்கரையின் இலேசான கசப்பு கோப்பியோடு நன்றாக ஒட்டும்.

அந்த ஹைனான்காரர்கள் சீனத்திலிருந்து சிங்கப்பூருக்குப் பிந்தி வந்தவர்கள். வியாபாரங்களில் மற்றவர்கள் முந்திக்கொண்டுவிட்டதால் ஆங்கிலேயர் வீடுகளிலும் கப்பல்களிலும் சமையல் வேலைக்குப் போனார்கள். பிறகு சொந்தமாகக் கோப்பிக் கடை வைத்தபோது துரை வீட்டு டோஸ்ட்டும் கூடவே வந்தது. ஜாம் இருந்த இடத்தில் காயா உட்கார்ந்துகொண்டது. அரை வேக்காட்டு முட்டையின் மேல் உப்புக்குப் பதில் சோயா சாஸும் வெள்ளை மிளகும் விழுந்தன. எதையும் கலந்து புதுமை செய்கிறோம் என்று அவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள். கைக்கு எட்டியதை வைத்துப் பிழைத்தார்கள். இப்போதைய கஃபேகளில் குரோசான் மேல் உப்பு முட்டை மஞ்சள்கருவைக் கொட்டி அதற்கு நீளமாகப் பெயர் வைக்கிறார்கள். எனக்கு அதில் பாதிக்கு மேல் ஆர்ப்பாட்டமாகவே படுகிறது. ஓண்டே ஓண்டே டார்ட்டுக்கு மட்டும் விலக்கு. பாண்டான், குலா மலாக்கா வெல்லம், தேங்காய்த்துருவல் மூன்றும் ஓண்டே ஓண்டே பலகாரத்தில் ஏற்கெனவே உறவுக்காரர்கள். புது வீட்டில் குடிவைத்ததற்காகக் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இனி சின் மீ சின்னின் முட்டை டார்ட்டுக்கு வருவோம். மக்காவ் டார்ட்டின் தலையில் கருகல் புள்ளிகள் இருக்கும். 1989-இல் கொலோவானில் ஆண்ட்ரூ ஸ்டோ என்ற ஆங்கிலேயர் தொடங்கிய பேக்கரி புகழ் சேர்த்த வகை அது. இங்கே கிடைப்பது கான்டனீஸ் வழி. மேலே ஒரு புள்ளி கருகக் கூடாது. மஞ்சள் பரப்பு கண்ணாடிபோல் மின்ன வேண்டும். தட்டைத் தட்டினால் நடுவில் மட்டும் ஒரு சிறு நடுக்கம் ஓட வேண்டும். அடுப்பிலிருந்து எடுத்த பிறகும் உள்சூட்டில் கஸ்டர்ட் இறுகிக்கொண்டே போகும். அதனால் முழுக்க வேகுமுன்பே எடுக்கிற துணிவு வேண்டும். விரல் பட்டதும் விளிம்பு மணல்போல் உதிர வேண்டும்.

பக்கத்துச் சிலோன் ரோட்டில் செண்பக விநாயகர் கோயில் இருக்கிறது, இலங்கைத் தமிழர் எழுப்பியது. அங்கே கும்பிட்டுவிட்டு வந்து முட்டையா என்று தயங்குகிறவர்கள் ஒரு கோப்பி ஓ மட்டும் குடிக்கலாம்; பால் கிடையாது, சர்க்கரை உண்டு. மற்றவர்களுக்கு ஒரே எச்சரிக்கைதான்: பன்னை டாபாவ், அதாவது பார்சல், கட்டி வாங்காதீர்கள். பெட்டிக்குள் ஆவி கோத்து அரை மணியில் தொய்ந்துவிடும். டார்ட் அப்படியல்ல, வீடு வரை தாங்கும். பேருந்தில் மடியில் வைத்துக்கொள்ளுங்கள், சாய்க்காமல்.