பாட்டிக்கு ஒரு பிறந்த நாள் பரிசு

பாட்டியின் பிறந்த நாளன்று வாழ்த்து அட்டையும் பரிசும் அளிக்கும் பழக்கம் நம் குடும்பங்களில் அண்மையில் புகுந்ததொன்று. லண்டன் நகரில் 1843ஆம் ஆண்டு ஹென்றி கோல் என்பவர் ஜான் ஹார்ஸ்லி என்னும் ஓவியரைக் கொண்டு வரைவித்து விற்பனைக்கு வெளியிட்ட கிறிஸ்துமஸ் அட்டையின் வழிவந்த இவ்வழக்கம், பொங்கல் வாழ்த்தாக நம் தபால்காரரின் பையில் இடம்பெற்று, பின்னர் பிறந்த நாளுக்கும் உரியதாயிற்று. அயல்நாட்டு வரவு என்ற ஒரே காரணத்தால் இதனைப் புறக்கணிக்க வேண்டும் என்பாரோடு எனக்கு உடன்பாடில்லை; நம் சம்பிரதாயம் கவனியாது விட்ட ஒரு குறையை இது நிவர்த்தி செய்கிறது.

முதுமையைக் கொண்டாடத் தெரியாதவர்களல்லர் நம் முன்னோர். 60 வயது நிறைந்ததும் சஷ்டியப்தபூர்த்தியும், 70இல் பீமரத சாந்தியும், 80ஐ ஒட்டிச் சதாபிஷேகமும் வேதகோஷத்துடன் நடத்தி, பேரன் பேத்திகள் சூழ ஆசி பெறும் வைபவங்கள் நம்மிடையே உண்டு. ஆயினும் இவை யாவும் கணவரின் வயதைக் கொண்டே கணக்கிடப்படுகின்றன. அருகில் மணையிலமர்ந்து மீண்டும் ஒரு திருமாங்கல்யம் பெறும் அம்மையாருக்கு அன்றைக்கு எத்தனை வயது என்று விசாரிப்பார் அரியர். கணவர் மறைந்துவிட்டாலோ அந்த மணையும் அவருக்கு இல்லை. அத்தகைய ஒருவரிடம் பேத்தி ஓடிவந்து, "பாட்டி, இன்னிக்கு உங்க பிறந்த நாள்" என்று கூறுவாளாயின், நெடுங்காலம் பிறருக்கெனவே அடுப்பங்கரையில் கழிந்த ஒரு வாழ்வுக்குத் தனக்கென்று ஒரு நாள் வாய்க்கிறது. இப்பழக்கத்தின் தலையாய சிறப்பு இதுவே என்று கருதுகிறேன்.

அந்த நாள் எது என்பதிலேயே முதற்குறை தோன்றுகிறது. பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் இயற்றப்பெற்றது 1969இல். அதற்கு முன்னர் வீட்டில் மருத்துவச்சியின் கையில் பிறந்தோர் பலருக்குப் பள்ளியில் சேர்க்கும்போது ஆசிரியர் உத்தேசமாக இட்ட தேதியே பிறந்த தேதியாக நிலைத்துவிட்டது. பாட்டியைக் கேட்டால், "ஆடி மாசம், மக நட்சத்திரம்" என்பார். ஆதார் அட்டையோ வேறொரு தேதியைச் சொல்லும். பெரும்பாலோர் அட்டையை நம்பிவிடுகிறார்கள். தமக்கு அந்நியமான ஒரு நாளில் வாழ்த்துப் பெறும் பாட்டி முகமலர்ந்து ஏற்றுக்கொள்வது அவருடைய பெருந்தன்மையே.

வாழ்த்து அட்டையின் குறை இன்னும் ஆழமானது. வழவழப்பான தாளில் பொன்னிற மையால் சாய்வெழுத்தில் ஆங்கிலத்தில் அச்சிட்ட ஓர் அட்டையைக் கண்புரை படர்ந்த கண்களை உடையவர் கையில் கொடுத்துப் பார்த்தால் விளங்கும்: ஜன்னலருகே சென்று, வெளிச்சம் பட்டுக் கூசும் தாளை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்துவிட்டு, "நீயே படிச்சுச் சொல்லு கண்ணு" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். படித்துச் சொல்லப்படும் வாசகமோ உலகத்துப் பாட்டிமார் அனைவருக்குமாக யாரோ எழுதியது; அவர் சுட்ட முறுக்கோ, காய்ச்சல் கண்ட இரவில் நெற்றியில் இட்ட பற்றோ அதில் இராது. நான் அறிந்த மூதாட்டி ஒருவர், பேத்தி விடுதியிலிருந்து பென்சிலால் எழுதியனுப்பிய தபால் கார்டை மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் மடித்து வைத்திருந்தார். மடிப்பில் எழுத்து அழிந்துபோன பின்னும் அதை எடுத்தெறியவில்லை. எழுதப் படிக்க அறியாத பாட்டிக்குக் கடிதம் எதற்கு என்று கேட்கலாம். அருகில் அமர்ந்து வாசித்துக் காட்டுவதற்கே என்பேன்.

பரிசுப் பொருளில் நம்மவர் முதலில் நாடுவது பட்டுச்சேலை. கனத்த ஜரிகைக் காஞ்சிப் பட்டைக் கொடுப்பதில் கௌரவம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் தோள் வலியால் கை தூக்க இயலாதவருக்கு அதனை உடுத்துவதே சிரமமாதலின், அது பீரோவில் நாப்தலின் உருண்டையோடு கிடக்க, அவர் பழைய நூற்சேலையையே துவைத்துத் துவைத்துக் கட்டுகிறார். அவருக்கு மதுரைச் சுங்குடியைப் போல உடம்போடு இழையும் பருத்திச் சேலை ஒன்றை, அளவெடுத்துத் தைத்த ரவிக்கையோடு கொடுப்பது எவ்வளவோ மேல். நிறத்தையும் அவரையே கேட்க வேண்டும். வயது முதிர்ந்தவர், அதிலும் கணவரை இழந்தவர் என்றால் வெளிறிய நிறத்தைத் தாமாகவே தேர்ந்தெடுத்துவிடும் வழக்கத்தில் கருணையில்லை. அரக்குச் சிவப்பின்மீது அவருக்கு இன்னும் ஆசை இருக்கலாம்.

ஆகவே, பேரன் பேத்திகளே, கடைக்குப் புறப்படுமுன் பாட்டியின் மாதத்தையும் நட்சத்திரத்தையும் கேட்டறிந்து பஞ்சாங்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அவருக்குப் பிடித்த நிறத்தையும் கேளுங்கள். அட்டை வாங்கினால் அச்சிட்ட வாசகத்தின் கீழே அவருக்கு மட்டுமே உரிய நான்கு வரிகளைப் பெரிய தமிழ் எழுத்தில் உங்கள் கையாலேயே எழுதுங்கள்.