பதுங்குகுழித் தோழமை

போரைப் புகழ்வோர் கையில் எப்போதும் ஒரு துருப்புச் சீட்டு இருக்கும். "கொலை கொடியதுதான், ஆயினும் களத்திலே பிறக்கும் தோழமை வேறெங்கு பிறக்கும்?" என்பர். ஜெர்மன் எழுத்தாளர் எரிக் மரியா ரெமார்க் 1929-இல் நூலாக வெளியிட்ட, ஆங்கிலத்தில் ‘ஆல் கொயட் ஆன் தி வெஸ்டர்ன் ஃபிரண்ட்’ எனும் பெயர் பெற்ற புதினத்தையும் அந்தக் கண்ணோடு படித்து, நட்பின் காவியம் என்று பாராட்டுவோர் உண்டு. நட்பு அதில் இருக்கிறது, மறுக்கவில்லை. அந்த நட்பு யாருக்குப் பயன்பட்டது என்பதே என் கேள்வி.

ஆசிரியர் காண்டோரெக் வகுப்பிலே நாடு, கடமை, வீரம் என்று முழங்குகிறார். வகுப்பு முழுவதும் படையில் சேருகிறது. தயங்கியவன் ஒருவன்—யோசப் பேம். கோழை எனும் பழிக்கு அஞ்சி அவனும் போகிறான்; முதலில் மாண்டோருள் ஒருவனாகிறான். கரும்பலகைக்கு முன் நிற்கும் எனக்கு, குண்டு விழும் பக்கங்களைவிட இந்தப் பக்கங்களே நடுக்கம் தந்தன.

களத்திலே மாணவன் பவுலுக்கு வாய்த்த தோழன் காட்சின்ஸ்கி. நாற்பது வயது, தொழில் செருப்புத் தைப்பது. கல்லூரிக் கனவு கண்டவனுக்குச் சோறு தேடவும் உயிர் காக்கவும் கற்றுத் தந்தவன் அவன்! காயமுற்ற அவனைப் பவுல் முதுகிலே சுமந்து மருத்துவ நிலையம் சேர்க்கிறான். வழியிலேயே சிறு குண்டுச் சிதறலொன்று தலையில் பாய்ந்து உயிர் போய்விட்டது. உறவினனா என்று கேட்கிறான் பணியாள். இல்லை என்கிறான் பவுல். குலமும் குருதியும் பேசுவோர் அந்த ‘இல்லை’யைப் படிக்கட்டும்.

எனினும் நூலின் உயிர்நிலை வேறிடத்தில் இருக்கிறது. குண்டு பிளந்த குழியொன்றில், தன்மேல் வந்து விழுந்த பிரெஞ்சு வீரனைப் பவுல் கத்தியால் குத்துகிறான். உடனே சாகவில்லை அவன். மணிக்கணக்கில் அவன் துடிப்பதைப் பக்கத்திலிருந்து பார்க்க நேர்கிறது. தண்ணீர் தருகிறான், கட்டுப் போடுகிறான். இறந்தவன் சட்டைப்பையிலே மனைவி, மகள் படங்கள்! பெயர் டுவால், தொழில், அச்சுக் கோப்பது. உன் குடும்பத்துக்கு எழுதுவேன் என்று பிணத்துக்கு உறுதி கூறுகிறான் பவுல்.

மறுநாள் தோழர்களிடம் சொல்கிறான். அவர்கள் தேற்றுகிறார்கள். தொலைநோக்கி பொருத்திய துப்பாக்கியால் குறிபார்த்து, வீழ்த்தியோரை எண்ணிக்கொண்டிருக்கும் ஒருவனைக் காட்டுகிறார்கள். பவுலின் நெஞ்சு ஆறுகிறது. டுவாலுக்குத் தந்த வாக்கு போயிற்று!

அன்புடையோர் தந்த ஆறுதலே அவனை மீண்டும் கொல்லும் தகுதிக்குக் கொண்டுவந்தது. தளபதியின் கட்டளை செய்ய முடியாததை நண்பனின் கைத்தட்டு செய்து முடித்தது. இதை மறைக்காமல் எழுதியதே ரெமார்க்கின் பெருமை.

குறையும் உண்டு. அமைச்சர்களும் தளபதிகளும் தடியெடுத்துத் தங்களுக்குள் மோதித் தீர்த்துக்கொள்ளட்டும் என்று கிராப் யோசனை கூறுகிறான். அருமையான யோசனை! அந்தப் பேச்சு அதற்குமேல் நகரவில்லை. ரொட்டியும் புகையிலையும் பகிர்ந்தவர்கள், ‘மாட்டோம்’ என்ற சொல்லைப் பகிர்ந்துகொள்ளவில்லை. நடவாத காரியமா அது? 1914 கிறித்துமசு நாளில் பிரிட்டிஷ், ஜெர்மன் வீரர்கள் பல இடங்களில் குழிவிட்டு வெளிவந்து கைகுலுக்கினர், பரிசும் மாற்றிக்கொண்டனர். மேலதிகாரிகள் சினந்து தடுத்தனர். அந்த நட்புக்குத்தான் அவர்கள் அஞ்சினர்.

1933 மே 10-இல் பெர்லினில் நாஜிகள் தீயிட்ட நூல்களில் இதுவும் ஒன்று. போர்வீரர்களுக்கு இரண்டகம் செய்த நூலாம்! தீ மூட்ட முன்னின்றவர்கள் மாணவர்கள். அவர்களுக்கும் ஒரு காண்டோரெக் இருந்திருப்பான்.