ஸ்டேஷன் ரைட்டரின் கை

காவல் பணியில் ஆயுளைக் கழித்தவர்களில் துப்பறிந்தவர்களையே பேசுகிறோம். புகாரை எழுத்தாக்கிய ஸ்டேஷன் ரைட்டரை மறந்துவிடுகிறோம். 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணியில், ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் தமிழும் தெலுங்கும் கலந்தே ஒலிக்கும். நகையைப் பறிகொடுத்தவர் அழுகையோடு சொல்வதை, நேரமும் இடமும் பிசகாமல், சொல்லாததைச் சேர்க்காமல் எழுதி, படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குவது தேர்ந்த கைவேலை. முதல் தகவல் அறிக்கை தன்னளவில் குற்றத்தை நிரூபிக்காதே என்பார்கள். உண்மைதான். ஆனாலும் புகார்தாரரின் பிந்தைய சாட்சியத்தை வலுப்படுத்தவும் முரண் காட்டவும் நீதிமன்றத்தில் அந்தத் தாளைத்தான் எடுக்கிறார்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள சட்டப்படி, ஆந்திரத்திலுள்ள நகரிக்குப் போய்ச் சேர்ந்தபின் திருட்டை உணர்ந்தவர் அங்கேயே புகார் கொடுக்கலாம்; அது எல்லை தாண்டித் திருத்தணிக்கு வந்து சேரும்.